தோட்டா நிரப்பிய நிலையில்

ஆனைக்கல்மேட்டில் பால் பொங்குவது நின்றுபோய் இரண்டாவது வருஷம், அதாவது ஏலக்காய் வியாபாரி கூத்தபெருமாளின் கைத்துப்பாக்கி தோட்டாக்களோடு காவல் நிலையத்து ஆயுத அறையில் உட்கார்ந்து ஏழாவது வருஷம், அந்த அறைக்குச் சாவி வைத்திருந்த போலீஸ்காரி முத்துப்பேச்சிக்கு வயிற்றில் பதினோராவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூரில் யாரும் கேட்கவில்லை, சம்பந்தம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, தெரிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் பழக்கம் அந்த மலையடிவார ஊருக்கு இல்லை.

துப்பாக்கி அங்கே வந்தது தேர்தலால்தான். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் அதைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், ஓட்டு எண்ணி முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப எடுத்துப்போக வேண்டும். அப்படி ஒரு நாளில் காட்டுப்பன்றி விரட்டுகிற நீளத் துப்பாக்கிகள் நாற்பத்தொன்றும், ஊரிலேயே ஒன்றே ஒன்றான கூத்தபெருமாளின் கைத்துப்பாக்கியும் வரிசையில் வந்தன. உரிமையாளர் கண்முன்னே தோட்டாவை இறக்கி, துப்பாக்கி தனி, தோட்டா அடுக்கும் மேகசின் தனி, தோட்டா தனி என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அன்றைக்கு ரைட்டராக இருந்த அழகுராசாவுக்கு நீளத் துப்பாக்கியை மடக்கித் திறக்கத் தெரியுமே தவிர, இந்தக் குட்டிச் சாமானில் எதை அமுக்கினால் எது கழலும் என்று தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கம், கிடாவெட்டுக்குக் கூட்டிப்போக வந்த ஜீப் வேறு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர், ‘கைத்துப்பாக்கி ஒன்று, தோட்டா ஏழு நிரப்பிய நிலையில், உள்ளது உள்ளபடி பெறப்பட்டது’ என்று முத்து முத்தாக எழுதி, முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

காகிதத்தில் இருப்பதுதான் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது ஸ்டேஷனில் சட்டத்துக்கும் மேலான சட்டம். ஆயுத அறைப் பொறுப்புக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் பெட்டியைத் திறந்து, நிரப்பிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதைக் கண்டு நிம்மதியாகிக் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவதாகக் கையெழுத்துப் போட்டவள் முத்துப்பேச்சி. கூத்தபெருமாள் திரும்ப வாங்க வந்தபோது உள்ளாட்சித் தேர்தலை அறிவித்திருந்தார்கள், அது முடிந்து வந்தபோது எம்.எல்.ஏ. இறந்துபோய் இடைத்தேர்தல், பிறகு சட்டமன்றம், பிறகு விட்டுப்போன வார்டுகள், பிறகு நாடாளுமன்றம். நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று அவர் வருவதையே விட்டுவிட்டார்.

ஐந்தாம் வருஷக் கடைசியில் ஒரு தும்மல் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் ஞானராஜ் காலை அணிவகுப்பில் மூக்கை மேலே தூக்கி, கண்ணை இடுக்கி, வாயைத் திறந்தபடி நின்றார், பத்தரை மணி வரை அப்படியே நின்றார், தும்மல் வராமல் வந்த வழியே திரும்பிப்போனது. மறுவாரம் மொக்கச்சாமி டீக்கடையில் பால் விளிம்பு வரை எழும்பி, நுரை கட்டி, அங்கேயே நின்றது. தீபாவளிக்குத் திரி எரிந்தது, வெடி வெடிக்கவில்லை. இலவங்காய்கள் மரத்திலேயே முற்றின, ஒன்றுகூட வெடித்துப் பஞ்சைக் காற்றில் விடவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறவள் முத்துப்பேச்சிதான் என்பதால் அவளுக்குத்தான் முதலில் விளங்கியது. துடைத்து முடித்து அதைக் காதருகே பிடித்தாள். உள்ளே ஸ்பிரிங் ஏழு தோட்டாவையும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது, ஏழும் போவதற்குத் தயாராகப் போகாமல் இருந்தன.

“ஐயா, அது ரொம்ப வருசமா அடக்கிக்கிட்டே இருக்கு” என்று ஞானராஜிடம் போய்ச் சொன்னாள். “அதப் பாத்து ஊரும் அடக்கப் பழகிருச்சு.”

“அப்படித்தாம்மா இருக்கும்” என்றார் அவர், மூக்கைத் தேய்த்துக்கொண்டே. “மேல ரிப்போர்ட் எழுதுவமா?”

“எழுதுனா ஏன் இத்தன வருசமா தோட்டாவ இறக்கலன்னு கேப்பாங்கய்யா.”

“அப்ப வேணாம்” என்றார் ஞானராஜ்.

அந்த வருஷம் மாவட்டத்திலிருந்து ஆயுதங்களைச் சோதிக்க வந்த பழுதுபார்ப்பவர் இருளப்பன் பெட்டிக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, “ஸ்பிரிங் செத்துப்போயிருக்கும்னு பயப்படாதீங்க. அமுங்கிக் கெடக்குறதால ஸ்பிரிங் கெடாது, அமுக்கி அமுக்கி விட்டாத்தான் கெடும். எண்ணெயும், ஈரமில்லாத பெட்டியும் இருந்தா இன்னும் இருவது வருசம் இப்படியே கெடக்கும்” என்று சொல்லிப்போனார். துப்பாக்கியைப் பற்றிச் சொன்னதை ஊர்க்காரர்கள் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, கெடுதல் ஒன்றுமில்லை என்று தைரியமாக இருக்கத் தொடங்கினார்கள்.

இருக்கத் தொடங்கியபின் அதில் சுகம் கண்டுவிட்டார்கள். மொக்கச்சாமி அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருக்கோடி வரை போய் அரட்டை அடித்துவிட்டு வந்தான், பால் அவன் வரும்வரை விளிம்பில் காத்திருந்தது. குக்கர்கள் விசில் அடிக்காததால் பெண்கள் பருப்பின் வாசனையை வைத்தே இறக்கக் கற்றார்கள், கற்றபின் சமையல் முன்னைவிட ருசித்தது. மனைவியை அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது, தோள் வலித்து அது தானாக இறங்கும்போது, எதற்காக ஓங்கினோம் என்பதே மறந்துபோய் அந்த ஆள் அசடு வழிந்தான், அவள் சிரிக்கவும் முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள், ஏனென்றால் பெருஞ்சிரிப்பும் அந்த ஊரில் தொண்டையோடு நின்றுவிட்டது. மேடைப் பேச்சாளர்கள் ஆவேசம் உச்சிக்கு வரும் இடத்தில் வாயடைத்து நன்றி சொல்லி இறங்கினார்கள். பஞ்சு வியாபாரிகள் சேதாரம் இல்லாத இலவங்காய்க்காக லாரி கொண்டுவந்தார்கள். தும்மல் முட்டியவர்களுக்காக டவுன் பஸ் ஊர் எல்லையில் ஒரு நிமிஷம் நின்றது, கண்டக்டர் “தும்முறவங்கெல்லாம் தும்மிக்கங்க” என்று குரல் கொடுப்பார், வரிசையாகத் தும்மிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏறுவார்கள்.

கர்ப்பிணிகள் ஏழாம் மாதம் வளையல் போட்டதும் தாய்வீடு போகிற வழக்கம் இருந்ததால், பிரசவமும் நிற்கக்கூடியதுதான் என்று முத்துப்பேச்சிக்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லை.

அவளால் போக முடியவில்லை. லீவில் போக வேண்டுமென்றால் ஆயுத அறையை இன்னொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், யாரும் போடவில்லை, போட்டால் ஊர் எல்லையில்கூடத் தும்ம முடியாமல் போய்விடுமோ என்று பயந்தார்கள், அவரவருக்கு அவரவர் தும்மல் பெரிதாக இருந்தது. பத்து மாதம் முடிந்ததும் கணவன் நல்லகாமன், தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் தன் ஜீப்பில் மெத்தை விரித்து அவளைத் தாய்வீட்டுக்குக் கொண்டுபோனான். சாவியை ஞானராஜிடம் கொடுத்தாயிற்று, ஆனால் பதிவேட்டில் இருந்த கையெழுத்து அவளோடேயே போனது. அங்கேயும் பால் நின்றது, கோயில் கொடைக்கு வைத்த வேட்டு சீறிவிட்டு அமைதியானது. நாலாம் நாள் அந்த ஊர்க்காரர்கள் சீர்வரிசைத் தட்டோடு வந்து, ரொம்ப மரியாதையாக, “கெளம்பிரு தாயி” என்றார்கள்.

ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, இதயம் நன்றாக அடிக்கிறது, வரத்தான் மனசில்லை என்றார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு மயக்க ஊசியின் பிஸ்டன் பாதியில் நின்றுகொண்டது, இரண்டு நர்சுகள் சேர்ந்து அமுக்கியும் மருந்து உள்ளே போகவில்லை. முத்துப்பேச்சிக்கு இது முதல் பிரசவம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் பிறந்த பிள்ளை அழவே இல்லை. ஒரு தரம் அழுதிருந்தால் அந்தக் குரலையாவது வைத்துக்கொண்டிருந்திருப்பாள். இந்த ஏக்கத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முத்துப்பேச்சி ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து நேராக ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

“ஐயா, அந்தத் தோட்டாவ எறக்கணும்.”

ஞானராஜ் ரசீது நகலை எடுத்து மேசையில் விரித்தார். “நிரப்பிய நிலையில்னு இருக்கேம்மா. எறக்குனா பொருள் மாறிரும். ஒப்படச்சவரே எழுதிக் கொடுத்தா மட்டுந்தான் முடியும்.”

கூத்தபெருமாள் மொக்கச்சாமி கடையில் தம்பி வீரபத்திரனோடு எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வீரபத்திரன் எழுந்து போகும்வரை காத்திருந்து, முத்துப்பேச்சி வந்த விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“தாயி, அந்தத் துப்பாக்கிய நான் வாங்குனதே இவனுக்குப் பயந்துதான். ஓடத்தண்ணி யாரு தோட்டத்துக்கு முதல்லங்குற சண்ட, உனக்குத் தெரியும். இருவது வருசம் மொகத்துல முழிக்கல. இப்ப ரெண்டு வருசமா எதுத்தாப்புல உக்காந்து டீ குடிக்கிறான். திட்டணும்னுதான் வாயத் தெறக்குறேன், வார்த்த நாக்கு நுனியில நின்னுருது. அவனுக்கும் அப்படித்தான். சரி கழுதன்னு டீயக் குடிக்கிறோம். நீ தோட்டாவ எறக்கிவிட்டுட்டா நாளைக்கு நான் அவங்கூட எப்படித் தாயி டீ குடிப்பேன்?”

முத்துப்பேச்சிக்கு அவர்மேல் கோபம் வந்தது, வந்து நெஞ்சில் நின்றது. அதனால் அமைதியாகவே கேட்டாள். “எம்புள்ள இன்னும் எத்தன டீக்குக் காத்திருக்கணும்னு சொல்லுங்கய்யா. காத்திருக்கச் சொல்றேன்.”

கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள், எல்லோருக்கும் பொங்காத பால் பிடித்திருந்தது, எல்லோருக்கும் அது வெட்கமாகவும் இருந்தது. மொக்கச்சாமிதான் அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு, “நான் முந்தி மாதிரி பக்கத்துலயே நின்னு காச்சிக்கிறேன், ஒண்ணும் கொறஞ்சுபோகாது” என்றான். கூத்தபெருமாள் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ரசீதைக் கொண்டுவந்து, இறக்கச் சம்மதம் என்று அதில் எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அது நடக்கும்போது தம்பி தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், தங்களுக்குள்ளே அடங்கிக் கிடப்பது என்னவென்று இருவரும் சேர்ந்தே பார்த்துவிட வேண்டும்.

ஆனால் மேகசின் கழலவில்லை. பொத்தானை அமுக்கினால் அமுங்கியது, மேகசின் அசையாமல் இருந்தது. இருளப்பன் மறுபடி வந்து தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, “இது பிடிச்சுக்கிருச்சு. சுட்டுத்தான் காலி பண்ணணும். யாரு பேருல பொறுப்பு இருக்கோ அவுகதான் சுடணும்” என்றார். புதன்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது.

இரண்டு நாளாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள்: புதன் பத்து மணிக்கு அடுப்பில் பால் வைக்க வேண்டாம், குக்கரைத் திறந்து வைக்கவும், மாட்டை இறுக்கிக் கட்டவும், மிச்சமிருக்கும் வெடிகளை நடுத்தெருவில் கொண்டுவந்து போடவும், யார்மீதாவது பழைய கோபம் உள்ளவர்கள் அந்த நேரத்தில் கையில் கரண்டி, அரிவாள் முதலியவற்றை வைத்திருக்க வேண்டாம். இலவ மரங்களுக்கு அடியில் வேட்டியும் சேலையும் முடிச்சுப்போட்டு விரித்தார்கள். ஞானராஜ் புதுக் கைக்குட்டை வாங்கினார். ஊர் திருவிழாவுக்குத் தயாராவதுபோலத் தயாரானது, வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேறு பஸ் ஏறி வந்தார்கள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கியிருந்தது. மதிலெல்லாம் தலைகள். காதில் பஞ்சு வைத்துக்கொண்ட முத்துப்பேச்சி, காலை அகட்டி ஊன்றி, வயிற்றுக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டித் துப்பாக்கியைப் பிடித்தாள். ஞானராஜ் கடிகாரத்தைப் பார்த்து, “சுடும்மா” என்றார். வெடிச் சத்தம் கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

“ட்ரிக்கர் நகர மாட்டேங்குதுங்கய்யா.”

இருளப்பன் குனிந்து அவள் விரலைப் பார்த்தார். அவள் காதருகே தணிந்த குரலில், “நகரும்மா. நீ இன்னும் அமுக்கவே இல்ல” என்றார்.

முத்துப்பேச்சி தன் விரலைப் பார்த்தாள். அது ட்ரிக்கரின் மேல் வெறுமனே படுத்திருந்தது. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் போட்டபோது, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததில் தனக்கும் பங்கு உண்டு. பதினோரு மாதமும் ஊரையும் ரசீதையும் குறை சொன்னாள், ஆனால் வயிற்றில் உதை விழுந்த ஒவ்வொரு நாளும், இன்றைக்கும் வராமல் இருந்தாயே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ஜீப் பக்கம் நின்ற நல்லகாமனைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்தான்.

“மாமா, எனக்குப் பயமா இருக்கு. உள்ள இருக்குற வரைக்கும் உதைக்குது. வெளிய வந்து இதுவும் அழாம கெடந்துச்சுன்னா நான் என்ன செய்வேன்?” ஊரே கேட்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

நல்லகாமனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. “எனக்கும் பயந்தான் புள்ள” என்றான். “ஜீப்புக்கு டீசல் ரொப்புனேன், டாக்டரம்மாவக் கூட்டியாந்து உள்ள உக்கார வச்சேன், துண்டு ரெண்டு வாங்குனேன், வெள்ள ஒண்ணு, ரோசு ஒண்ணு. எல்லாத்தையும் பயந்துக்கிட்டேதான் செஞ்சேன். நீயும் பயந்துக்கிட்டே சுடு.”

அவள் துப்பாக்கியை உயர்த்தினாள். பயந்துகொண்டே சுட்டாள்.

முதல் தோட்டா மணலில் இறங்கியது, ஞானராஜ் தும்மினார், இரண்டு வருஷத் தும்மல், தொப்பி பறந்து மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. இரண்டாவதற்கு நடுத்தெருவில் குவித்திருந்த வெடிகள் எல்லாம் ஒரே மூச்சில் வெடித்தன, எவ்வளவு சொல்லியும் கேட்காத ஆறு வீடுகளில் குக்கர் மூடி கூரையைத் தொட்டது. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் மலைச்சரிவு முழுக்க இலவங்காய்கள் படபடவென்று வெடித்து, விரித்த வேட்டியை மீறி, சேலையை மீறி, வெள்ளைப் பஞ்சு ஊர்மேல் இறங்கியது. ஐந்தாவதற்குக் கூத்தபெருமாளும் வீரபத்திரனும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், இருபது வருஷத்து வசவு தாயில் தொடங்கி ஓடைத்தண்ணி வழியாகப் பங்காளி வீட்டுக் கல்யாணம் வரை போனது, இருவரும் எழுந்து நின்று மூச்சிறைக்கத் திட்டினார்கள், பெரியவர் திட்டிய திட்டில் பாதி, தம்பி ஏன் இத்தனை நாள் தன்னைத் தேடிவரவில்லை என்பதாக இருந்தது. ஆறாவதற்குப் பெண்கள் சிரித்தார்கள், முந்தானையைக் கடித்து அடக்கிய சிரிப்பெல்லாம் வந்தது, கை ஓங்கிய கணவன்மார்களைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள், அவர்களுக்கு ஓடி ஒளிய இடமில்லை.

ஏழாவதைச் சுட்டதும் துப்பாக்கியின் மேல்பகுதி தானாகப் பின்வாங்கி, இனி தோட்டா இல்லை என்று வாய் திறந்து நின்றது. முத்துப்பேச்சி அதை இருளப்பன் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “மாமா” என்றாள்.

ஜீப் தேவைப்படவில்லை. ஆண்களையெல்லாம் வெளியே விரட்டிவிட்டு, ரைட்டர் மேசையில் மெத்தை விரித்து, டாக்டரம்மா அங்கேயே பார்த்துக்கொண்டார். பதினோரு மாதம் காத்திருந்த பிள்ளை பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. பெண். தலை நிறைய முடி, நகங்கள் நீளமாக வளர்ந்திருந்தன. டாக்டரம்மா தூக்கிப் பிடித்தார், முதுகைத் தடவினார். பிள்ளை கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தது. சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஊர் வாயை மூடிக்கொண்டது, அண்ணன் தம்பிகூடத் திட்டுவதை நிறுத்தினார்கள். முத்துப்பேச்சி மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். டாக்டரம்மா பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

பிள்ளை முகத்தைச் சுருக்கி, மூச்சை இழுத்து, வீறிட்டு அழுதது. ஊர் எல்லையில் பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்குக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். வெள்ளைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்த பிறகும் அழுதது, பால் கொடுக்கப் போனபோதும் அழுதது, பதினோரு மாத அழுகை அல்லவா. அறைக்குள் எட்டிப்பார்த்த நல்லகாமன் பதறிப்போய், ரோசுத் துண்டை ஆட்டிக் காட்டி, “ச்சூ ச்சூ, என் தங்கம், அழாத, அழாத” என்றான்.

“நீங்க சும்மா இருங்க மாமா” என்றாள் முத்துப்பேச்சி. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்க அவள் கையை எடுக்கவில்லை. “அழட்டும். நல்லாச் சத்தமா அழட்டும். நான் கேக்கணும்.”